அட்டையில் துப்பாக்கி இருப்பதால் மட்டும் ஒதுக்காதீர்கள்: நூல் தேர்வுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பொது நூலகங்களுக்கு நூல்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கு,

வணக்கம்.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள், நாற்பத்தாறு காமிக்ஸ் இதழ்களைத் துணிப்பையில் எடுத்துக்கொண்டு ஒரு கிளை நூலகத்துக்குப் போனேன். அத்தனையும் குற்றக் கதைகள், துப்பறியும் கதைகள். என்னிடம் இரட்டைப் பிரதிகளாகச் சேர்ந்திருந்தவற்றில் கிழிசல் இல்லாதவற்றைப் பொறுக்கி, துருப்பிடித்த ஊசிகளைக் கழற்றிவிட்டு நூலால் தைத்து, ஒவ்வொன்றுக்கும் கண்ணாடித் தாளில் உறை போட்டிருந்தேன். அந்த வேலைக்கே மூன்று வாரம் ஆனது. நூலகர் உட்காரச் சொன்னார். மேலே இருந்த இதழை எடுத்தார். மழைக்கோட்டு அணிந்த ஒருவன் கைத்துப்பாக்கியோடு சுவரோரம் ஒண்டி நிற்கும் அட்டைப்படம். பிரித்துப் பார்க்கவில்லை. "பிள்ளைகள் வந்துபோகிற இடம் சார். இதை வைத்தால் பெற்றோர் கேட்பார்கள்" என்றார். பையை மெல்ல என் பக்கம் நகர்த்தினார்.

அது எந்த நூலகம் என்று எழுதப் போவதில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமும் கிடையாது. எதை வாங்கலாம், எதை அடுக்கலாம் என்று மேலே இருக்கும் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் அந்தப் பையைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டிருப்பார். ஆகவே உங்களுக்கு எழுதுகிறேன். குற்றக் காமிக்ஸ்களையும் நூல் என்று மதித்து முழுக்கப் படித்துப் பாருங்கள். தகுதியுள்ளவற்றை வாங்குங்கள். பழையவை உதிர்ந்து மண்ணாகும் முன் சேகரித்துக் காப்பாற்றுங்கள். இதற்கு மேல் எனக்குக் கோரிக்கை இல்லை.

நான் சாத்தூர்க்காரன். என் அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை பார்த்தார். மை அப்பியது, மடிப்பு கோணியது, முன்பக்கமும் பின்பக்கமும் ஒத்துவராதது என்று கழித்துப் போட்ட பாரங்களை, அதாவது பல பக்கங்களை ஒன்றாக அச்சடித்த பெரிய தாள்களை, சுருட்டி எடுத்துவருவார். வீட்டில் பாடப்புத்தகத்துக்கு அட்டை போடவும் அரிசிப் பானையை மூடவும் அவை உதவும். அவற்றில் சில நேரம் காமிக்ஸ் பாரம் இருக்கும். ஒரு பாரத்தில் பதினாறு பக்கம். வெட்டாத தாளில் பக்கங்கள் வரிசையாக இருக்காது. ஒன்றாம் பக்கத்தை ஒட்டியே பதினாறாம் பக்கம் நிற்கும். அதன் தலைக்கு நேராக எட்டாம் பக்கம் தலைகீழாகப் படுத்திருக்கும். நானும் அக்காவும் தாளைத் திண்ணையில் விரித்து, அதைச் சுற்றி முழங்காலால் நகர்ந்தபடியே படிப்போம். கொலை விழுவதற்கு முன்பே கொலையாளியின் கையில் விலங்கு ஏறிவிடும். இறந்துபோனவர் அடுத்த கட்டத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பார். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது, இந்த ஆள் அங்கே எதற்குப் போனார் என்று இரண்டு பேரும் மணிக்கணக்கில் வாதாடுவோம். பிறகு அப்பா வந்து தாளை மூன்று மடிப்பாக மடித்துக் காட்டுவார். எல்லாம் அதனதன் இடத்தில் போய் உட்காரும். நான் வாசிக்கக் கற்றது அப்படித்தான். பள்ளிக்கூடம் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தது. காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்க்க இந்தத் தாள்கள் சொல்லிக்கொடுத்தன.

அப்படி வந்த ஒரு ரிப் கெர்பி கதைக்குக் கடைசிப் பாரம் கிடைக்கவே இல்லை. யார் கொலை செய்தார் என்று தெரியாமலே பத்தாம் வகுப்பு வரைக்கும் வந்துவிட்டேன். பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அந்த இதழைக் கண்டதும் விலைகூடக் கேட்காமல் எடுத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். அக்கா சொன்னதுதான் சரியாக இருந்தது.

ரிப் கெர்பியை நீங்கள் படித்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. 1946இல் அமெரிக்க நாளிதழ்களில் அலெக்ஸ் ரேமண்ட் வரையத் தொடங்கிய தொடர் அது. போர் முடிந்து வீடு திரும்பிய ஒரு மனிதர், மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, குழாயில் புகைத்தபடி யோசிக்கிற துப்பறிவாளர். முஷ்டியைவிட மூளையை அதிகம் பயன்படுத்துபவர். அவர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் டெஸ்மண்ட் ஒரு காலத்தில் பூட்டு உடைத்த திருடன். திருந்திய திருடன் கையில் வீட்டுச் சாவியைக் கொடுத்து வைத்திருக்கிறார் ஒரு துப்பறிவாளர்! குற்றவாளிக்கும் வாழ்க்கை உண்டு என்பதை இதைவிட எளிமையாக ஒரு பத்து வயதுப் பையனுக்கு யார் சொல்வார்கள்? அந்த ஓவியங்களில் விளக்கு ஒரு பக்கம்தான் எரியும். முகத்தின் பாதி கறுப்பில் மூழ்கியிருக்கும். மீதிப் பாதியில் ஒரே ஒரு தூரிகைக் கோடு, கன்னத்து எலும்பைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மலிவுத் தாளில், எங்கள் ஊர்ப் பக்கத்து அச்சு மையில் வந்தபோதும் அந்தக் கோடு சாகவில்லை.

எங்கள் தலைமுறை கொண்டாடிய நாயகர்களில் முக்கியமான ஒருவன் முதலில் கெட்டவன். 1972இல் முத்து காமிக்ஸ் சிவகாசியில் தொடங்கியபோது முதல் இதழே இரும்புக்கை மாயாவி. 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் பிறந்த பாத்திரம். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் காற்றில் மிதக்கும். தொடக்கக் கதைகளில் அவன் அந்தச் சக்தியைத் திருட்டுக்கும் நாசத்துக்கும்தான் பயன்படுத்துகிறான். பிறகுதான் மெல்ல மெல்ல நேர்வழிக்கு வந்து நிழற்படை என்ற ரகசிய உளவு அமைப்பில் சேருகிறான். சக்தி கிடைத்தவன் உடனே நல்லவனாகிவிடுவதில்லை என்று சொன்ன கதையைச் சிறுபிள்ளைக் கதை என்று எப்படித் தள்ள முடியும்?

காரிகன் என்ற பெயரில் தமிழில் வந்த ரகசிய ஏஜென்டின் பூர்வீகம் இன்னும் வியப்பானது. 1934 ஜனவரியில் அந்தத் தொடர் 'சீக்ரட் ஏஜென்ட் எக்ஸ்-9' என்ற பெயரில் தொடங்கியபோது படம் வரைந்தவர் அதே அலெக்ஸ் ரேமண்ட். கதை எழுதியவர் டேஷியல் ஹாமெட். ஹார்ட்பாயில்டு என்று உலகம் அழைக்கும் அந்தக் கறாரான, கண்ணீர் சிந்தாத குற்றக் கதை மரபுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். எழுத வருவதற்கு முன் பிங்கர்ட்டன் நிறுவனத்தில் உண்மையிலேயே துப்பறிவாளராக வேலை பார்த்தவர். அவருடைய நாவல்களை இலக்கியம் என்று பல்கலைக்கழகங்கள் பாடமாக வைக்கின்றன. அதே கை எழுதித் தொடங்கிவைத்த தொடரின் பிற்காலக் கதைகள் தமிழில் வந்து, பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கின. நம் நூலகங்களில் அவற்றைத் தேடிப் பாருங்கள். நான் உறுப்பினராக உள்ள மூன்று நூலகங்களில் தேடினேன். ஒரு பிரதிகூடக் கிடைக்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைஸி. அக்காவுக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் பெண்பிள்ளை கதைப்புத்தகம் படித்தால் அம்மாவுக்குப் பிடிக்காது. மாவு ஆட்டும் நேரத்தில் ஒரு கையால் குழவியைச் சுற்றிக்கொண்டே, மடியில் விரித்து வைத்துப் படித்தாள். பக்கங்களின் ஓரத்தில் உளுந்து மாவு காய்ந்த தடம் இன்றும் இருக்கிறது. 1942இல் ஈரானின் வடக்கே ராணுவத்தில் இருந்தபோது, அகதியாகத் தனியே நடந்துவந்த ஒரு சிறுமியை, பின்னாளில் அந்தக் கதைகளை எழுதிய பீட்டர் ஓ'டானல் பார்த்தார். உணவு கொடுத்தபோது நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்ட அந்தப் பெண் வளர்ந்தால் என்ன ஆவாள் என்ற நினைப்பிலிருந்துதான் 1963இல் மாடஸ்டியை உருவாக்கினார். கூட இருக்கும் கார்வின் அவளை 'இளவரசி' என்றுதான் அழைப்பான். அவர்களிடையே காதல் கிடையாது, கடைசிவரை நட்புதான். ஆணும் பெண்ணும் நம்பிக்கையான கூட்டாளிகளாக மட்டும் இருக்க முடியும் என்பதை எண்பதுகளின் சாத்தூரில் ஒரு பெண் வேறு எங்கே படித்திருப்பாள்? அக்கா இப்போது மாவு மில் நடத்துகிறாள். கடையில் இன்றும் அவளுக்கு ஒருவரும் தப்புக் கணக்கு சொல்ல முடியாது.

இந்தக் கதைகள் பிள்ளைகளைக் கெடுக்கும் என்ற பயம் உங்களுக்கு முன்பே உலகத்துக்கு வந்துவிட்டது. 1954 ஏப்ரலில் நியூயார்க்கில் அமெரிக்க செனட் துணைக்குழு, சிறார் குற்றங்களுக்குக் காமிக்ஸ்தான் காரணமா என்று பதிப்பாளர்களைக் கூப்பிட்டு விசாரித்தது. வெட்டிய தலையோடு கோடரிக்காரன் நிற்கும் ஒரு குற்றக் காமிக்ஸ் அட்டையைக் காட்டி, இது நல்ல ரசனையா என்று கேட்டார் ஒரு செனட்டர். அந்த அட்டை எனக்கும் பிடிக்கவில்லை, அதை நான் குழந்தைகள் பகுதியில் வைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது என்ன? அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே ஒரு விதித்தொகுப்பு எழுதிக்கொண்டார்கள். தலைப்பில் 'குற்றம்' என்ற சொல் மற்றச் சொற்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு பெரிதாக இருக்கக் கூடாது என்பதுகூட அதில் ஒரு விதி. போலீசாரையோ நீதிபதிகளையோ மதிப்புக் குறையும்படி காட்டக் கூடாது என்பது இன்னொரு விதி. நேர்மையற்ற அதிகாரியைப் பற்றிக் கதை எழுத முடியாது என்றால் குற்றக் கதையில் பாக்கி என்ன இருக்கும்? அந்த வகையின் மூச்சே நின்றுபோனது. கனடா இன்னும் ஒரு படி மேலே போனது. 1949 முதல் அங்கே குற்றக் காமிக்ஸ் வெளியிடுவதும் விற்பதும் தண்டனைச் சட்டப்படியே குற்றம். அந்தப் பிரிவை 2018இல்தான் நீக்கினார்கள்.

அந்தக் காலத்துப் பயத்துக்குப் பெரிய ஆதாரமாக இருந்தது மனநல மருத்துவர் ஃபிரெட்ரிக் வெர்தாம் 1954இல் எழுதிய நூல். அவருடைய ஆய்வுக் குறிப்புகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. அவை திறக்கப்பட்ட பிறகு கரோல் டில்லி என்பவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தார். சிறுவர்களின் வாக்குமூலங்களை அந்த மருத்துவர் தம் வசதிக்கு மாற்றியும் இணைத்தும் எழுதியிருக்கிறார் என்று 2012இல் ஆதாரத்தோடு வெளியிட்டார். கரோல் டில்லி உங்கள் துறையைச் சேர்ந்தவர், நூலக அறிவியல் பேராசிரியர். நூலகங்கள் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்த உண்மை வெளியே வந்தது. காமிக்ஸ்களுக்கும் அதே நூலகம் இடம் கொடுத்திருக்கிறது. இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் அங்கே இருக்கின்றன.

நமது நாட்டிலும் 1956இல் இளையோருக்குத் தீங்கு விளைக்கும் வெளியீடுகள் பற்றி ஒரு சட்டம் வந்தது. படக்கதைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட சட்டம்தான். ஆனால் அதில் ஓர் அருமையான சொற்றொடர் இருக்கிறது. ஒரு வெளியீடு முழுமையாகப் பார்க்கும்போது இளைஞரைக் கெடுக்கும் இயல்புடையதா என்றுதான் கேட்கச் சொல்கிறது. முழுமையாக! ஒரு கட்டத்தையோ ஓர் அட்டையையோ வைத்து முடிவு செய்யச் சட்டமே சொல்லவில்லை. நூலகத்தில் என் பை திரும்பி வந்தபோது எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வந்தது.

நியூயார்க்கில் அந்த விசாரணை நடந்த அதே 1954 ஏப்ரலில்தான் சென்னையில் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' வெளியானது. தொடக்கத்திலேயே நாயகன் சுடப்பட்டு விழுகிறான். பிறகு ஒவ்வொருவராக வந்து தங்கள் கதையைச் சொல்கிறார்கள். ஒரு பாட்டுகூடக் கிடையாது. அந்தப் படத்தின் நிழல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரிப் கெர்பியின் பாதி இருண்ட முகம் ஞாபகம் வரும். இன்று அதைத் தமிழ்த் திரையின் பெருமை என்கிறோம். அந்தப் படத்துக்கு ஒரு நீதி, அதே காலத்தில், அதே இருட்டில், தாளில் வரைந்த கதைக்கு ஒரு நீதியா?

குற்றக் காமிக்ஸும் கறாரான ஆக்‌ஷன் படமும் ஒரு தாய் பிள்ளைகள். இரண்டும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்றுக்கொள்கின்றன. 2002இல் வந்த 'ரோட் டு பெர்டிஷன்' படத்தைப் பாருங்கள். 1998இல் வந்த ஒரு சித்திர நாவலிலிருந்து எடுத்தது. இரவு, கொட்டும் மழை, குடை பிடித்த ஆட்கள், நடுவே ஒரு கிழவர். இருட்டிலிருந்து துப்பாக்கி வெடிக்கிறது, ஆனால் சத்தம் வரவில்லை. தீப்பொறி மட்டும் தெரிகிறது, ஒவ்வொருவராகச் சரிகிறார்கள். கிழவர் திரும்பிப் பார்க்கவில்லை. யார் வந்திருக்கிறான் என்று அவருக்குத் தெரியும், பெற்ற மகனைப் போல வளர்த்தவன். அவன் அருகில் வந்து நின்ற பிறகுதான் மழைச் சத்தம் திரும்புகிறது. நான் அந்த இடத்தில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். காமிக்ஸுக்கு இயல்பிலேயே சத்தம் கிடையாது. அந்த மௌனத்தைச் சினிமா கடன் வாங்கி, தன்னுடைய உச்சக் காட்சியில் வைத்திருக்கிறது. ஒளிப்பதிவாளர் கான்ராட் ஹாலுக்கு அவர் இறந்த பிறகு ஆஸ்கர் கொடுத்தார்கள். கொரியாவின் 'ஓல்ட்பாய்' ஒரு ஜப்பானியச் சித்திரக் கதையிலிருந்து வந்தது. கையில் சுத்தியலோடு ஒற்றை மனிதன் நடைவழி நெடுக அடித்துக்கொண்டு போவதை வெட்டே இல்லாமல், பக்கவாட்டில் நகரும் கேமராவில் எடுத்தார்கள். அந்தப் படம் 2004இல் கான் விழாவில் கிராண்ட் பிரி வாங்கியது. ஜான் வூவின் 'ஹார்ட் பாயில்டு' 1992இல் ஹாங்காங்கிலிருந்து வந்தது. மருத்துவமனையின் இரண்டு மாடிகளில் இடைவெட்டு இல்லாமல் நீளும் அந்தச் சண்டைக்கு நடுவே, லிப்டுக்குள் சில நொடிகள் இரண்டு போலீஸ்காரர்கள் மூச்சு வாங்கியபடி நிற்கிறார்கள். தவறுதலாகத் தங்கள் ஆளையே சுட்டுவிட்ட குற்ற உணர்வு சுட்டவரின் முகத்தில் தெரியும். வன்முறையைக் கொண்டாடும் படம் என்று பலர் அதைச் சொல்வார்கள். எனக்கு அந்தச் சில நொடிகள்தான் படம்.

எல்லா இதழையும் எல்லா வயதினருக்கும் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. தரமற்றவையும் நிறைய உண்டு. பெண்ணை அடிப்பதைக் காட்டி விற்ற இதழ்களை நானே என் சேகரிப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறேன். திரைப்படச் சான்றிதழில் இப்போது யுஏ 7+, 13+, 16+ என்று வயதைப் பிரித்துக் குறிக்கிறார்கள். நூலகத்திலும் முதுகில் ஒரு வண்ணச் சீட்டு ஒட்டி, பெரியவர்களுக்கானதை மேல் தட்டில் வைத்தால் போதும். படிக்காமலே ஒதுக்குவதைவிட அது கடினமான வேலைதான். ஆனால் அதற்காகத்தானே உங்களைப் போன்ற வாசகர்களைக் குழுவில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இலேயே ஐந்து விதிகளில் சொல்லிவைத்துவிட்டார்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக எங்கள் வீட்டிலிருந்தும் வருகிறது. எங்கள் நூலை நாங்கள் இன்னும் பழைய புத்தகக் கடைகளிலும் சேகரிப்பாளர்களிடமும்தான் தேடிக்கொண்டிருக்கிறோம். எழுபதுகளின் ஓர் இதழுக்கு அவர்கள் சொல்லும் விலை ஒரு கூலித் தொழிலாளியின் பல நாள் சம்பளம். காசு கொடுத்து வாங்கினாலும் எத்தனை நாள் இருக்கும்? மலிவுத் தாள், அமிலம் ஊறி மஞ்சளாகி, மடித்த இடத்தில் அப்பளம் போல் நொறுங்குகிறது. மாதம் ஒருமுறை பெட்டியைத் திறக்கும்போது அடியில் பழுப்புத் துகள் சேர்ந்திருக்கிறது. அதைக் கொட்ட மனம் வரவில்லை.

கோட்டையூர் ரோஜா முத்தையா, யாரும் மதிக்காத துண்டு வெளியீடுகளையும் சினிமாப் பாட்டுப் புத்தகங்களையும் ஆயுள் முழுக்கச் சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பிறகு அந்தச் சேகரிப்பை அடித்தளமாக வைத்துச் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமே எழுந்தது. தமிழில் வந்த காமிக்ஸ்களுக்கும் அப்படி ஓர் இடம் வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்குங்கள், முடிந்தவற்றை ஒளிவருடி வையுங்கள், யார் மொழிபெயர்த்தார், யார் எழுத்து வரைந்தார் என்று பெயர் தெரிந்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் அப்பாவிடம் நான் கேட்டுவைக்கவில்லை. எந்தக் கதையை யார் மடித்தார்கள், யார் தைத்தார்கள் என்பதெல்லாம் அவரோடு போய்விட்டது.

நாற்பத்தாறு இதழ்களும் அதே துணிப்பையில் அப்படியே இருக்கின்றன. இரட்டைப் பிரதி அல்லாதவை இன்னும் இருநூற்றுப் பன்னிரண்டு. வெட்டாத பாரங்கள் ஒன்பது, சுருட்டி வேட்டித் துணியில் கட்டி வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் தருகிறேன். விலை வேண்டாம், ரசீதுகூட வேண்டாம். படிக்கும் இடத்தில் வைப்போம் என்று ஓர் அஞ்சலட்டை போட்டால் போதும். நூலக விடுமுறையான வெள்ளிக்கிழமை தவிர எந்த நாள் சொன்னாலும் நானே பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்க்கிறேன். அவற்றில் ஓர் இதழில் மட்டும் 61, 62ஆம் பக்கங்கள் இல்லை. வேறு யாரிடமாவது அவை இருந்தால், அலமாரியில் வைக்கும்போது சேர்த்துத் தைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சாத்தூரிலிருந்து ஒரு வாசகன்